லெனாட் வெளியேறினார்

குருநகர்
02.02.2025

அன்பு அக்காவுக்கு,

ஆண்டவர் துணையில் அப்பா, தம்பி, நான் மூவரும் சுகம். அங்கே குளிர் உங்களுக்குப் பழகிவிட்டதா? இருமல் நின்றுவிட்டதா என்று இராசாத்தி மாமி கேட்டு எழுதச் சொன்னா.

மடத்தில் பொறுப்புச் சிஸ்டர் முதலில் வாசித்துவிட்டுத்தான் கடிதத்தை உங்களிடம் தருவா என்பதால் ஒவ்வொரு வரியையும் யோசித்து எழுதுகிறேன். என் எழுத்து மோசமாக இருந்தால் சிரிக்காதீர்கள். அம்மா குவைத்துக்குப் போய், நான் பத்தாம் வகுப்போடு நின்றபின் உங்களுக்கு எழுதும்போது மட்டும்தான் பேனா பிடிக்கிறேன்.

இங்கே ஒரு புதினம். அம்மா தம்பிக்குப் போன் அனுப்பியிருக்கிறா. அவன் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டான். ரியூசனில் கேதீஸ்வரன் சேர் பாடங்களை வட்ஸ்அப்பில்தான் போடுகிறாராம். அப்பாவின் பழைய போனில் அது வராது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் முகத்தையும் பார்த்துக் கதைக்கலாம்.

போன் வந்த அன்றே அப்பா எனக்குச் சொல்லிவிட்டார்: "பிள்ளை, உந்தப் போனைத் தொடக்கூடாது." பின் வீதியில் ஒரு பெண் போனில் பழகிய பொடியனோடு போனது உங்களுக்குத் தெரியும்தானே. அதுதான் பயம். மாமி பக்கத்தில் நின்று, "குமர்ப்பிள்ளை உள்ள வீடு, கவனமாய் இருக்கத்தான் வேணும்" என்றா. போனைத் திறக்கிற இரகசிய இலக்கம் தம்பிக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவுக்கும் தெரியாது.

பங்கு மண்டபத்தில் தையல் வகுப்பு நன்றாகப் போகிறது. இந்த வாரம் கைவைத்த சட்டை வெட்டினோம். நிவேதனா ரீச்சர் என் வெட்டை எல்லாருக்கும் காட்டினா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

தங்கை
ஷெரோன்


நவசந்நியாச மடம்
12.02.2025

என் அன்பான தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம் என்று அறிந்து நிம்மதி. இருமல் நின்றுவிட்டது. மாமியிடம் சொல். காலையில் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப் போகிறது, மற்றபடி நல்ல சுகம்.

போன் விடயத்தில் அப்பா சொன்னது உன் நன்மைக்குத்தான். கோபிக்காதே. தம்பி அதில் படிக்கிறானா என்று மட்டும் பார்த்துக்கொள். அவன் ஒழுங்காகப் பூசைக்கு உதவி செய்யப் போகிறானா? அந்த வெள்ளை உடுப்பில் அவனை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விபூதிப் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை நவசந்நியாசிகளுக்குக் கடிதம் தரமாட்டார்கள். நாங்களும் எழுத முடியாது. வருகிற கடிதங்கள் சிஸ்டரின் அலுமாரியில் இருக்கும். பாஸ்கா முடிந்துதான் கைக்கு வரும். தவக்காலத்தில் எல்லாரும் ஏதாவது ஒன்றை விடுகிற மாதிரித்தான் இதுவும். மார்ச் ஐந்துக்கு முன் ஏதாவது இருந்தால் எழுது.

கை வெட்டுவதில் உனக்கு எப்போதும் நிதானம். அம்மாவுக்கு ஒரு சட்டை தைத்து அனுப்பு.

இயேசுவில் அன்புடன்
அக்கா டொறத்தி


குருநகர்
20.02.2025

அன்பு அக்காவுக்கு,

உங்கள் சுகம் அறிந்து சந்தோசம். அப்பா தொழிலுக்குப் போய் வருகிறார். நண்டு பரவாயில்லை. எனக்கும் சுகம்.

தம்பிக்குச் சுகமில்லை என்று சொல்ல முடியாது. காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறான். ஆனால் ஆள் மாறிவிட்டான். இரண்டு ஞாயிறாகப் பீட உடுப்புப் போடவில்லை. பூசையில் என் பக்கத்தில் இருந்தான், நற்கருணை நன்மை வாங்கப் போகவில்லை. நான் போகச் சொல்லித் தட்டினேன். "எனக்கு ஏலாது" என்றான். மாமி பின்வரிசை வாங்கிலிருந்து பார்த்துவிட்டு, "வெறுவயித்திலை எல்லோ நன்மை வாங்கோணும், எதையாவது களவாய்த் திண்டிருப்பான்" என்று சிரித்தா.

பள்ளிக்கூடத்தால் வந்ததும் போனை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய், கவிழ்த்து வைத்த படகுக்குப் பின்னால் இருக்கிறான். நான் தேத்தண்ணீர் கொண்டுபோனால் போனைச் சாரத்துக்குள் வைக்கிறான். ஒரு நாள் கிட்டப் போகும்போது அதிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அது பாடம் இல்லை, அக்கா. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இதைச் சிஸ்டரும் வாசிப்பா என்பதால் விடுகிறேன்.

உங்களிடம் ஒரு கேள்வி. ஒரு சின்னப் பிள்ளை, பெரியவர்களே பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டால் அது அந்தப் பிள்ளையின் பாவமா? விபூதிப் புதனுக்கு முன் பதில் போடுங்கள்.

தங்கை
ஷெரோன்


நவசந்நியாச மடம்
01.03.2025

அன்பான தங்கச்சிக்கு,

நான் சுகம். நீங்களும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன். அவசரமாக எழுதுகிறேன். இன்றைய தபாலுக்குக் கொடுக்க வேண்டும்.

நீ கேட்டது எனக்கு முழுதாக விளங்கவில்லை. யாருக்கு என்ன நடந்தது என்று எழுதியிருந்தால் சொல்லியிருப்பேன். சின்னப் பிள்ளைகள் தெரியாமல் செய்வதை ஆண்டவர் பாவமாக எடுக்கமாட்டார். தம்பிக்கு மனதில் ஏதும் இருந்தால் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. வேறு ஏதும் என்றால் அப்பாவிடம் சொல். உனக்கு அப்பாவோடு கதைக்கப் பயம் என்று தெரியும். ஆனாலும் சொல்.

இனி பாஸ்காவுக்குப் பிறகுதான். உங்கள் எல்லாரையும் என் மன்றாட்டில் வைத்திருக்கிறேன்.

அக்கா டொறத்தி


குருநகர்
10.03.2025

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இது உங்கள் கைக்கு உயிர்த்த ஞாயிற்றில்தான் வரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சொல்ல வேறு ஆள் இல்லை. பொறுப்புச் சிஸ்டர் வாசித்தால் என்னை மன்னிக்கட்டும். இந்த முறை எதையும் விடாமல் எழுதுகிறேன்.

நேற்று ஞாயிறு. அம்மா எடுத்தா. அப்பா, மாமி, தம்பி மூவரும் போனுக்கு முன்னால் இருந்தார்கள். நான் வழமைபோல் குசினி வாசலில் நின்றேன். அம்மா, தம்பி புதுப் பள்ளிக்கூட உடுப்போடு எடுத்த படத்தை அனுப்பச் சொன்னா. தம்பி, "பிறகு அனுப்புறன் அம்மா" என்றான். மாமி, "எங்கை, கொண்டாடா" என்று போனைப் பறித்துப் படங்களைத் திறந்தா.

அவ திறந்ததில் தம்பியின் படம் இல்லை. உடுப்பில்லாத ஆட்களின் படங்கள், அக்கா. ஒன்றல்ல, நிறைய. மாமி, "ஐயோ மாதாவே, இதென்ன அசிங்கம்" என்று போனை மடியில் போட்டா. அம்மா அந்தப் பக்கத்தில் "என்ன மச்சாள், என்ன" என்று கேட்டபடி இருந்தா.

அப்பா போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழும்பி வந்து அடித்தார். மாமி போனைத் தூக்கி, "உன்ரை மகள்தான் மச்சாள். வீட்டிலை தனிய இருக்கிறவள் வேறை ஆர்?" என்று அம்மாவுக்குச் சொன்னா. அம்மா என் பெயரை ஒரு தரம் சொன்னா. பிறகு கட் பண்ணிவிட்டா.

தம்பி கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் வாயைத் திறந்தால் அடுத்த அடி அவனுக்கு என்று தெரியும். அப்பாவின் கை எனக்கே தாங்கவில்லை. அவனுக்குப் பதினொரு வயது. அதனால் பேசாமல் இருந்தேன்.

நான் செய்தது சரி என்றுதான் அந்த நேரம் நினைத்தேன். ஆனால் பிறகு அப்பா என்ன செய்தார் தெரியுமா? அந்தப் போனை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தார். "இனி இது உன்ரை பொறுப்பு. நித்திரை கொள்ளேக்கையும் தலைமாட்டிலை வைச்சிரு. அவளின்ரை கையிலை குடாதை" என்றார். மாமி, "ஆம்பிளைப் பிள்ளையிட்டை இருந்தால் பயமில்லை" என்றா.

தையல் வகுப்பை நிற்பாட்டிவிட்டார்கள்.

உங்கள் தங்கை
ஷெரோன்


குருநகர்
23.03.2025

அன்பு அக்காவுக்கு,

தவக்காலத்தில் நீங்கள் ஒருசந்தி இருந்து மெலிந்திருப்பீர்கள். கவனம். இங்கே எனக்கு நோவு எல்லாம் மாறிவிட்டது.

தம்பி வாய் திறந்துவிட்டான். வியாழக்கிழமை நான் கறிக்குக் கணவாய் வெட்டிக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் குந்தினான். சட்டியைப் பார்த்தபடியே, "உங்களுக்கு இன்னும் நோகுதா?" என்று கேட்டான்.

"இல்லை."

"நான்தான் அக்கா."

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்தன்."

அழுதான். அழுது முடியும் வரை நான் கணவாய் வெட்டினேன். பிறகு எல்லாம் சொன்னான்.

ரியூசனில் பெரிய வகுப்புப் பொடியன்கள் தங்களுக்கு ஒரு குறூப் வைத்திருக்கிறார்கள். கிரிக்கெட் குறூப் என்று சொல்லி இவனையும் சேர்த்திருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் கிரிக்கெட்தான். பிறகு இந்தப் படங்கள். "நான் தேடிப் பாக்கேல்லை அக்கா, அதுவாய் வருது. அழிச்சால் திருப்பி வருது" என்றான். முதல் ஒன்றிரண்டைப் பார்த்தானாம். மற்றப் பொடியன்கள் சிரித்ததால் அவனும் சிரித்தானாம். பிறகு கண்ணை மூடினாலும் அதுதான் தெரிகிறதாம். அந்தக் கண்ணோடு பீடத்தில் நிற்கக் கூடாது என்று அவனே முடிவு எடுத்திருக்கிறான்.

"அந்தக் குறூப்பை விட்டு வெளியிலை வாவன்" என்றேன்.

"வந்தால் 'லெனாட் வெளியேறினார்' எண்டு என்ரை பேரை எல்லாருக்கும் காட்டும். அவங்கள் என்னைப் பேபி எண்டுவாங்கள். சேரிட்டையும் ஏதும் சொல்லிக் குடுப்பாங்கள்."

எனக்கு அந்தப் போனைப் பற்றி ஒன்றும் தெரியாது, அக்கா. தொட்டதில்லைதானே. வெளியேறினால் பெயர் காட்டும் என்பதே எனக்குப் புதிது. அந்த ஒரு வரிக்குப் பயந்து இந்தப் பிள்ளை ஒன்றரை மாதம் அதற்குள்ளேயே இருந்திருக்கிறான். நாங்கள் எல்லாரும் அவன் படிக்கிறான் என்று சத்தம் போடாமல் நடந்தோம்.

"அப்பாட்டைச் சொல்லாதேங்கோ" என்று கையைப் பிடித்தான். சொல்லமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. நான் பேசாமல் இருந்ததால்தான் போன் இப்போது இவன் தலைமாட்டில் இருக்கிறது. இன்னும் பேசாமல் இருந்தால் அது அங்கேயேதான் இருக்கும்.

எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன்.

தங்கை
ஷெரோன்


குருநகர்
06.04.2025

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை, கரையில் சொன்னேன். வெளியாட்களுக்கு முன்னால் அப்பா கை நீட்டமாட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் அவரும் அடைக்கலநாதன் மாமாவும் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, ஒண்டு சொல்லோணும்."

"வீட்டை வாறன். போ."

"வீட்டை சொல்ல ஏலாது. இஞ்சைதான் சொல்லுவன்."

அடைக்கலநாதன் மாமா தலையைத் தூக்கினார். "கனிசியஸ், உன்ரை மகள் இவ்வளவு கதைச்சதை நான் இண்டைக்குத்தான் கேக்கிறன். இருந்து கேள்" என்று சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனார். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் நின்றார்.

நான் சொன்னேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். முடிந்தபின்னும் அப்பா ஒரு நண்டின் காலை வலையிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ கழன்றுவிட்டது.

"அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை அப்பா."

அவர் அந்த நண்டுக் காலைக் கீழே போட்டார்.

"அவனுக்கு அடிக்கக் கூடாது."

"எனக்குச் சட்டம் சொல்லுறியோ?"

"அடிச்சால் இனி எங்களுக்குத் தெரியாத இடத்திலை வைச்சுப் பாப்பான். ஒண்டும் சொல்லவும் மாட்டான்."

மத்தியானம் தம்பி பள்ளிக்கூடத்தால் வந்தான். அப்பா வாசலில் இருந்தார். தம்பி படிக்குக் கீழேயே நின்றுவிட்டான். "வா, இதிலை இரு. போனைத் திற. அந்தக் குறூப்பைக் காட்டு" என்றார். தம்பி காட்டினான். எங்கே அமத்த வேண்டும் என்று கேட்டார். அப்பாவின் விரல் ஈரம், போன் ஏற்கவில்லை. சாரத்தில் துடைத்துவிட்டுத் திரும்ப அமத்தினார். அப்போதும் ஏற்கவில்லை. மூன்றாம் முறைதான் சரிவந்தது.

"பேர் காட்டுமோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா."

"காட்டட்டும். கனிசியஸின்ரை மகன் வெளியிலை போட்டான் எண்டு எல்லாரும் பாக்கட்டும்."

பின்னேரம் அப்பா சேட்டுப் போட்டுக்கொண்டு கேதீஸ்வரன் சேரிடம் போனார். சேருக்கு இது தெரியாது. அடுத்த நாளே அந்தப் பொடியன்களின் தகப்பன்மாரைக் கூப்பிட்டார். இப்போது பாடக் குறூப்பில் சேர் மட்டும்தான் போடலாம்.

போனைக் கடலில் எறியப் போவதாகவும் அப்பா சொன்னார். "அம்மாவோடை எப்பிடிக் கதைக்கிறது?" என்று கேட்டேன். அதனால் போன் இருக்கிறது. ஆனால் விறாந்தை மேசையில்தான் இருக்கிறது. பாடம் வந்தால் தம்பி அங்கேயே இருந்து பார்க்க வேண்டும், அல்லது நான் பார்த்துக் கொப்பியில் எழுதிக் கொடுக்கிறேன். வரலாறு இவ்வளவு ருசி என்று எனக்கு முன்பு தெரியாது. தெரியாத ஆட்கள் அவனை எதிலும் சேர்க்க முடியாமலும், வருகிற படம் தானாக உள்ளே போகாமலும் மாற்றிவிட்டோம். நானும் தம்பியும் ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். இரண்டு தரம் எழுத்தெல்லாம் அரபிக்கு மாறிவிட்டது.

அப்பா என்னிடம் தையலுக்குப் போ என்று மட்டும் சொன்னார்.

ஷெரோன்


நவசந்நியாச மடம்
21.04.2025

என் செல்லத் தங்கச்சிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் எல்லாரோடும் இருப்பதாக. நான் நலம்.

நேற்றுப் பூசை முடிந்தபின் சிஸ்டர் மூன்று கடிதங்களையும் ஒன்றாகத் தந்தா. மூன்றும் திறந்திருந்தன. தரும்போது அவ என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றையும் வாசித்துவிட்டு நான் சாப்பாட்டுக்குப் போகவில்லை. அப்பா உனக்கு அடித்த அன்று இங்கே நாங்கள் சிலுவைப்பாதைக்குப் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தோம். அப்பாவிடம் சொல் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

நீ பெரிய காரியம் செய்தாய். தம்பியைக் காப்பாற்றினாய். ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டாம். அவ அங்கே தனிய. அடுத்தவர் வீட்டில் வேலை செய்துகொண்டு, தான் வாங்கி அனுப்பிய போனால்தான் மகனுக்கு இப்படி ஆனது என்று தெரிந்தால் தாங்கமாட்டா. நாளடைவில் அவவின் கோபம் ஆறிவிடும். அதுவரை அம்மாவுக்காக இதையும் ஒரு தவ ஒறுத்தலாகப் பொறுத்துக்கொள். உன்னால் முடியும்.

அன்பு அக்கா
டொறத்தி


குருநகர்
05.05.2025

அன்பு அக்காவுக்கு,

உங்கள் பாஸ்காக் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாருக்கும் சுகம். வெயில்தான் கொளுத்துகிறது.

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை வாசித்தேன். நீங்கள் கேட்டதைச் செய்ய எனக்கு முடியவில்லை, அக்கா. கோபிக்க வேண்டாம்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு அம்மா என்னோடு கதைக்கவில்லை. அப்பாவோடு கதைப்பா, தம்பியோடு கதைப்பா. "வீட்டிலை எல்லாம் ஒழுங்கோ" என்று கேட்பா. அந்த "எல்லாம்" நான்தான். என் பெயரை மட்டும் சொல்லமாட்டா. அம்மா அங்கே தனியத்தான். நானும் இங்கே அப்படித்தான் இருந்தேன். நான் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டு அவ அங்கே படுப்பதில் அவவுக்கு என்ன நிம்மதி?

நேற்று அம்மா எடுக்க முதல் அப்பாவிடம், "இண்டைக்கு அம்மாவுக்குச் சொல்லப் போறன்" என்றேன். அப்பாவும் உங்களைப் போலத்தான். "அவள் அங்கை கிடந்து அழுவாள். விடு பிள்ளை" என்றார். நான், "இப்பவும் அழுறாதானே அப்பா. என்னை நினைச்சு" என்றேன்.

அம்மா எடுத்தா. மாமியும் வந்திருந்தா. முதலில் அப்பாதான் கதைத்தார். தொழில், மண்ணெண்ணெய் என்று சுற்றிவிட்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அண்டைக்கு அது ஷெரோன் இல்லை" என்றார்.

"அப்ப ஆர்?" என்று அம்மா கேட்டா.

அப்பா என்னைப் பார்த்தார். யார் சொல்வது என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி கதிரையிலிருந்து இறங்கிப் போனுக்குக் கிட்டப் போனான். "நான்தான் அம்மா. அக்கா எனக்காகத்தான் அடி வாங்கினவ" என்றான். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். எப்படி வந்தது, யார் சேர்த்தது, ஏன் வெளியே வரவில்லை என்று ஒன்றும் ஒளிக்கவில்லை. சொல்லும்போது காது மட்டும் சிவந்திருந்தது.

அம்மா பதில் சொல்ல முதல் மாமி, "சரி சரி, ஆம்பிளைப் பிள்ளைதானே மச்சாள். விளையாட்டாய்ப் பாத்திருப்பான். பெரிசு படுத்தாதை" என்றா.

எனக்குத் துணிவு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"விளையாட்டெண்டால் என்னை ஏன் மாமி தையலாலை நிப்பாட்டினனீங்கள்?"

அப்பா இருமினார். தம்பி, "விளையாட்டு இல்லை மாமி. எனக்குப் பயமாய் இருந்தது" என்றான். அதற்குப் பிறகு மாமி தன் வீட்டில் அடுப்பில் சோறு இருக்கிறது என்று போய்விட்டா.

தம்பி இன்னும் பீட உடுப்புப் போடவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். சுவாமி என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இப்போது நன்மை வாங்குகிறான். போனை மேசையில் வைத்துவிட்டுப் பந்தடிக்கப் போகிறான். அந்தப் பொடியன்கள் இரண்டு நாள் பேபி என்று கூப்பிட்டார்களாம். பிறகு மறந்துவிட்டார்களாம்.

நேற்று மாமி போனபின் அம்மா, "அவளிட்டைக் குடுங்கோ" என்றா. பெயர் சொல்லவில்லை. அப்பா போனை எடுத்து என் கையில் தந்தார்.

அம்மா என்னைப் பார்த்தா. நான் மெலிந்துவிட்டேன் என்றா. நானும் அவவுக்கு அதையே சொன்னேன். "ஏனடி பேசாமல் இருந்தனி?" என்று கேட்டா. தெரியவில்லை என்றேன். "உன்னைப் பெத்தவளுக்கு உன்னைத் தெரியாமல் போச்சே" என்று சொல்லிவிட்டுத் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்தா. பிறகு என்ன கறி என்று கேட்டா. நண்டு என்றேன். மிளகு போட்டாயா, முருங்கையிலை போட்டாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தா. அப்பா சாப்பிட்டு முடித்தார். தம்பி சாப்பிட்டு முடித்தான். போனைத் தா என்று ஒருவரும் கேட்கவில்லை.

சுகத்துக்கு எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை
ஷெரோன்